வென்றவனுக்குக் கதவடைப்பு

மோகனூரில் காவிரிக் கரையோரம் சாயங்கால வேளையில் போய்ப் பாருங்கள். பந்து உதைக்கும் பையன்களில் ஒருவன் முதுகில் மாஞ்செஸ்டர் பெயர் இருக்கும். இன்னொருவன் பார்சிலோனாச் சட்டை போட்டிருப்பான். சந்தையில் பேரம் பேசி வாங்கிய பனியன் துணிச் சட்டைதான். நாலு துவைப்பில் எழுத்து உதிர்ந்துவிடும். தகப்பன் கரும்பு வெட்டுக்குப் போகிறான். தாய் நாற்று நடப் போகிறாள். பையனோ, கடல் கடந்த தேசத்தில் இருக்கும் ஒரு கழகம் நேற்று ராத்திரி எத்தனை கோல் போட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் ஆட்டத்தின் மேல் ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பையனைக் காட்டி, இவனுக்காகவே செய்கிறோம் என்று சொல்லி, உலகத்தின் பெரும் பணக்காரக் கழகங்கள் பன்னிரண்டு ஒரு காரியம் செய்யத் துணிந்தன. அது இரண்டே நாளில் முறியடிக்கப்பட்டது. அதே ரகத்துக் காரியம் ஒன்று நம் கோவையில் சந்தடியில்லாமல் நடந்தேறிவிட்டது. அதைத் தடுக்க ஆளில்லை. பஞ்சப்படியும் கூலி உயர்வும் பேச வேண்டிய இடத்தில் பந்தைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கும் தோழர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் சீமைக் கதை.

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இங்கிலாந்தின் ஆறு கழகங்கள், ஸ்பெயினின் மூன்று, இத்தாலியின் மூன்று, ஆகப் பன்னிரண்டும் சேர்ந்து ‘சூப்பர் லீக்’ என்ற புதிய போட்டியை அறிவித்தன. மொத்தம் இருபது அணிகள். அவற்றில் பதினைந்து நிரந்தரம். வென்றாலும் நிரந்தரம், தோற்றாலும் நிரந்தரம், கடைசி இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருஷம் அதே நாற்காலி! மிச்சமுள்ள ஐந்து இடத்துக்கு ஐரோப்பாவின் மற்றக் கழகங்களெல்லாம் அடித்துக்கொள்ளலாம். இதற்குப் பணம் தர அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் பாங்கு தயாராக நின்றது. தொடக்கக் கழகங்கள் பங்கு போட்டுக்கொள்ள 350 கோடி யூரோ என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள்.

இதில் என்ன அக்கிரமம் என்று புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டாம். நம் பக்கத்துத் திருவிழாக் கபடிப் போட்டியை எண்ணிப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கட்டி எந்த ஊர் அணியும் பேர் கொடுக்கலாம். போன வருஷம் கோப்பை வாங்கிய அணி இந்த வருஷம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினால் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். ‘நாங்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள், எங்களை நேரே அரை இறுதியில் உட்கார வையுங்கள்’ என்று யாராவது கேட்டால், மைக்கில் பேசுகிறவனே அவனை விரட்டிவிடுவான். கால்பந்திலும் நீதி இதுதான். மேல் லீக்கில் கடைசியாக வந்தவன் கீழே இறங்குவான். கீழ் லீக்கில் முதலாக வந்தவன் மேலே ஏறுவான். சிற்றூர்க் கழகத்துக்கு அந்த ஏணி ஒன்றுதான் சொத்து. அந்த ஏணியைத்தான் மேலே ஏறி உட்கார்ந்தவர்கள் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்கள்.

சூப்பர் லீக்கின் தலைவராக முன்னின்றவர் ரியல் மாட்ரிட் கழகத்தின் தலைவர் ஃபுளோரென்டினோ பெரஸ். கட்டுமானத் தொழிலில் பெருத்த முதலாளி. அவர் டெலிவிஷனில் தோன்றி என்ன சொன்னார் தெரியுமா? இளைஞர்களுக்குக் கால்பந்தின் மேல் நாட்டம் குறைகிறது. கால்பந்தைக் காப்பாற்றவே இதைச் செய்கிறோம் என்றார். திட்டம் போட்டவர்கள் தங்களுக்குள்ளே ரசிகர்களை இரண்டாகப் பிரித்துப் பேசியதையும் பிரிட்டிஷ் செய்தியாளர்கள் வெளியிட்டார்கள். மைதானத்துக்கு வரும் உள்ளூர்க்காரன் ‘பழைய சொத்தாக வந்த ரசிகன்’. தூரதேசத்தில் திரையில் பார்ப்பவன் ‘எதிர்கால ரசிகன்’.

அந்த எதிர்கால ரசிகன் யார்? மோகனூரில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறானே, அவன்தான்! அவன் செல்போனில் பார்க்கிறான், அவனுக்கு விளம்பரம் காட்டலாம், அவனிடம் சந்தா வசூலிக்கலாம். அவனைக் காட்டி, பல தலைமுறையாக மழையிலும் பனியிலும் நின்று கூவிய மாஞ்செஸ்டர்த் தொழிலாளியைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். மோகனூர்ப் பையனிடம் யாரும் வந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஆட்டம் யாருடையது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1850-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலைகளில் பெண்களுக்கும் இளம் பிராயத்தினருக்கும் சனிக்கிழமை பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்று விதித்தது. அந்த அரைநாள் ஓய்வு மெல்ல மெல்ல மற்றத் தொழிலாளிக்கும் பரவியது. சனிக்கிழமைப் பிற்பகல் கால்பந்து அந்த ஓய்விலே முளைத்த பயிர். மாஞ்செஸ்டர் யுனைடெட் 1878-ல் ரயில்வே தொழிற்சாலைக்காரர்கள் தொடங்கியது. ஆர்சனல் 1886-ல் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கியது. 1883-ல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற பஞ்சாலை ஊர் அணி, நெசவாளரும் நூற்பாளரும் இரும்பாலைத் தொழிலாளியும் குழாய் வேலைக்காரரும் சேர்ந்த அணி, ஈட்டன் பள்ளிக்கூடத்துக் கனவான்களின் அணியை 2-1 என்று இறுதி ஆட்டத்தில் வென்று கோப்பையைத் தட்டிப் பறித்தது. அந்தக் கழகங்களில் சிலவற்றுக்குத்தான் 2021-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர்களும் ரஷ்யக் கோடீஸ்வரரும் அபுதாபி அரச குடும்பத்தாரும் எஜமானர்கள்.

என்ன நடந்தது? திங்கட்கிழமை லீட்ஸ் நகரத்தில் லிவர்பூல் ஆட வந்தபோது மைதானத்துக்கு வெளியே எதிர்ப்பு. லீட்ஸ் ஆட்டக்காரர்கள் ‘தகுதியால் பெறு’ என்ற பொருளில் வாசகம் எழுதிய சட்டை அணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். செவ்வாய்க்கிழமை லண்டனில் செல்ஸி ரசிகர்கள் சாலையை மறித்துத் தங்கள் கழகத்தின் பஸ்ஸையே நிறுத்தினார்கள். அன்று ராத்திரிக்குள் இங்கிலாந்தின் ஆறு கழகங்களும் விலகின. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. மே 2-ந்தேதி மாஞ்செஸ்டர் ரசிகர்கள் தங்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். லிவர்பூலோடு அன்று நடக்க வேண்டிய ஆட்டம் நடக்கவில்லை.

நம்மை வியக்க வைத்தது வேகமல்ல. செல்ஸிக்கு நிரந்தர இடம் கிடைத்திருந்தது. லிவர்பூலுக்கும் கிடைத்திருந்தது. தன் கழகத்துக்குச் சொர்க்கவாசல் திறந்திருக்கும்போது ரசிகன் ஏன் சாலையை மறித்தான்? பஞ்சாலைத் தோழர்களுக்கு இது உடனே விளங்கும். நிரந்தரத் தொழிலாளி தனக்கு வேலை உறுதி என்று சும்மா இராமல் பதிலித் தொழிலாளிக்காக வாசலில் நிற்கிறானே, அந்தக் குணம்தான் அது. ஜென்மப் பகையாக ஒருவர் மேல் ஒருவர் கத்தும் ரசிகர் கூட்டங்கள் அந்த இரண்டு நாள் ஒரே குரலில் பேசின.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கே 1992-ல் டெலிவிஷன் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளப் பெரிய கழகங்கள் பிரிந்து வந்து அமைத்ததுதான். ஏணியை மட்டும் எடுக்கவில்லை, அவ்வளவே. 2021-ல் சூப்பர் லீக்கைத் திட்டிய ஐரோப்பியச் சம்மேளனத்தாரும் டெலிவிஷன் கம்பெனிக்காரரும் ஏழைப் பங்காளர்கள் அல்ல. தங்கள் கடைக்குப் பக்கத்தில் புதுக் கடை வருகிறதே என்ற வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. பிரிட்டிஷ் சர்க்கார், ரசிகர் கோபத்தைக் கண்டபின், கால்பந்துக்கெனச் சட்டம் கொண்டுவந்தது; அது 2025 ஜூலையில் நிறைவேறியது. பிரிந்துபோகும் லீக்கில் கழகங்கள் சேர அந்தச் சட்டம் தடை செய்கிறது.

ஜெர்மன் கழகம் ஒன்றுகூட அந்தப் பன்னிரண்டில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அங்கே கழகத்தின் ஓட்டில் பாதிக்கு மேல் ஒன்றாவது உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. விதிவிலக்குகளும் சில உண்டு. கரும்பு கொடுக்கும் விவசாயியே பங்குதாரராக உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஊரிலேயே பார்க்கும் மோகனூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவசரப்பட்டுக் கை தட்டிவிடாதீர்கள். ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கழகங்களே! இருந்தும் அவைதான் கடைசிவரை விடாப்பிடியாக நின்றன. உறுப்பினர் பெயரில் பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. மகாசபையில் அவன் பேச்சு எடுபட வேண்டும். கூட்டுறவு என்ற பலகையின் கீழே எத்தனை விதமான நிர்வாகம் நடக்க முடியும் என்பது நாம் அறியாததா?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கம்பெனிக்கு இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமைகளை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. தோப்பைக் குத்தகைக்கு விடுவதுபோல் ஒரு தேசத்தின் ஆட்டத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். 2014-ல் எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பமாயிற்று. சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் சூரர்கள், தொழிலதிபர்கள் அணிகளை வாங்கினார்கள். உள்ளே வர வழி ஒன்றுதான்: பணம். கீழே இறங்குவது என்ற பேச்சே கிடையாது. பக்கத்தில், தேசத்தின் முறையான லீக்காக இருந்த ஐ-லீக், மாற்றாந்தாய்ப் பிள்ளையாயிற்று.

சென்னையில் ஆடும் சூப்பர் லீக் அணியின் ரசிகர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போன்றவர்களே. அவர்கள் அணி 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கியபோது தெருவில் ஆடியதில் தப்பில்லை. நாம் பேசுவது வேறு ஓர் அணியைப் பற்றி.

சென்னை சிட்டி என்று பெயர். ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2018-19 ஐ-லீக்கில் அந்த அணி கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலோடு கடைசி நாள்வரை மல்லுக்கு நின்றது. 2019 மார்ச் 9-ந்தேதி. கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் வேறிடத்தில் கோகுலம் கேரளாவோடு ஆடி வென்றது. கோவை அணி தோற்றால் எல்லாம் போயிற்று. முதல் கோலை மினர்வா போட்டது. பிறகு பெட்ரோ மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1! புள்ளிக் கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் கோப்பை முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. பஞ்சாலைகளின் ஊருக்கு வந்தது.

அடுத்த மாதம் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைப் போட்டி. இரண்டு லீக்குகளின் அணிகளும் மோதும் இடம். அந்த வருஷம் சூப்பர் லீக்கில் முதலாக வந்த பெங்களூரு அணியைச் சென்னை சிட்டி 2-1 என்று தோற்கடித்தது. அதாவது பணம் கட்டி உள்ளே இருப்பவர்களின் சாம்பியனை, வெளியே நிற்பவர்களின் சாம்பியன் நேருக்கு நேர் வென்றது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கதவு திறந்ததா? இல்லை. திறக்காததோடு, 2019-ல் சூப்பர் லீக்கே தேசத்தின் முதல் லீக் என்று முடிவாயிற்று. ஐ-லீக் இரண்டாம் படிக்குத் தள்ளப்பட்டது. வென்றவன், வென்ற இடத்திலேயே நிற்கும்போது, அவன் காலடித் தரையைக் கீழே இறக்கிவிட்டார்கள்! ஆலையில் ஒழுங்காக வேலை செய்தவனைக் காலையில் வாசலில் நிறுத்திக் கேட்டைப் பூட்டினால் அதற்கு நாம் என்ன பெயர் சொல்லுவோமோ, அதே பெயர்தான் இதற்கும். சென்னை சிட்டி 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் ஆடவில்லை. அந்தக் கழகத்தை நடத்தியவர்களும் முதலாளிகளே. அவர்கள் கணக்கு வழக்குக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஏறுவதற்குப் படியே இல்லாத இடத்தில் எவன் தொடர்ந்து காசு போடுவான், எந்தப் பையன் தொடர்ந்து வியர்வை சிந்துவான் என்று மட்டும் கேட்கிறோம்.

கோவைக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2017-ல் மிசோரமின் அய்சால் கழகம், பெரிய பெரிய அணிகளையெல்லாம் முந்திக்கொண்டு ஐ-லீக் சாம்பியனாயிற்று. மலைநாட்டுச் சிறு கழகம். சூப்பர் லீக்கில் இடம் கொடு, இல்லையேல் உண்ணாவிரதம் இருப்போம் என்று எச்சரித்தார்கள். இடம் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1996-97-ல் தேசிய லீக்கின் முதல் சாம்பியன் யார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி. ஆம், ஒரு பஞ்சாலையின் பெயரைத் தாங்கிய அணி! 2011-ல் அதைக் கலைத்துவிட்டார்கள்.

லண்டனில் எழுந்த கொந்தளிப்பு கோவையில் ஏன் எழவில்லை? தமிழனுக்கு ரோஷம் குறைவு என்று சிலர் சொல்லுவார்கள். அது வீண் பேச்சு. கழகம் கோவைக்கு வந்தே இரண்டு பருவம்தான் ஆகியிருந்தது. தாத்தா, அப்பன், பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே படிக்கட்டில் உட்கார்ந்த உறவு அங்கே இன்னும் வேர் பிடிக்கவில்லை. வேர் பிடிப்பதற்குள் பறித்துவிட்டார்கள்.

வேர் உள்ள இடத்தில் என்ன நடந்தது என்று கல்கத்தாவைப் பாருங்கள். 1911-ல் வெறுங்காலோடு ஆடிப் பிரிட்டிஷ் பட்டாளத்து அணியை வென்ற மோகன் பகான், 2020-ல் ஏ.டி.கே. என்ற சூப்பர் லீக் அணியோடு இணைக்கப்பட்டது. பெயருக்கு முன்னால் கம்பெனி அணியின் மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் விட்டார்களா? அந்த எழுத்தை எடு என்று கிட்டத்தட்ட மூன்று வருஷம் மைதானத்திலும் தெருவிலும் கோஷம். 2023 மார்ச் 18-ந்தேதி கோப்பை வென்ற இரவே, அந்த எழுத்தை எடுத்துவிடுகிறோம் என்று முதலாளி அறிவிக்க வேண்டியதாயிற்று. ஈஸ்ட் பெங்காலில், பணம் போட்ட சிமெண்டுக் கம்பெனியோடு ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறில், 2021 ஜூலை 21-ந்தேதி ரசிகர்கள் கழகத்தின் முன்னால் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடத்திற்று. ஆட்டம் பார்க்கிறவன் மண்டையிலும் தடி விழும் என்பது அன்று தெரிந்தது.

கதவு பிறகு சற்றே திறந்தது. 2023-ல் ஐ-லீக் சாம்பியன் பஞ்சாப் மேலே ஏறியது; 2024-ல் கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங். நல்லது. ஆனால் ஏறுவது இருந்ததே தவிர இறங்குவது இருக்கவில்லை. 2024-25 பருவம் முடியும்வரை எந்தப் பணக்கார அணியும் கீழே இறக்கப்படவில்லை. பாதி ஏணி!

அப்புறம் குத்தகைக் காலம் முடியும் நேரம் வந்தது. புது ஒப்பந்தம் ஆகவில்லை என்று 2025 ஜூலை 11-ந்தேதி லீக்கை நடத்தும் கம்பெனி அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த சில வாரங்களில் சில கழகங்கள் ஆட்டக்காரருக்கும் ஊழியருக்கும் சம்பளத்தை நிறுத்தின. டெலிவிஷனில் பளபளவென்று தெரிந்தவர்கள் திடீரென்று வேலையில்லாதவர்களாக நின்றார்கள். பந்து உதைப்பவனும் கூலிக்காரனே என்பது அவர்களுக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். டிசம்பர் 8-ந்தேதி பதினைந்து வருஷக் குத்தகை காலாவதியாயிற்று. பருவம் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. ‘நாங்கள் பணம் போடாவிட்டால் இந்த நாட்டில் கால்பந்தே கிடையாது’ என்று பதினைந்து வருஷம் சொன்னவர்களின் ஏற்பாடு, ஒரு பத்திரத்தின் தேதி முடிந்ததும் இப்படித் தள்ளாடிற்று.

பணமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், ஆட்டக்காரனுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். 2014-ல் தொடங்கிய புரோ கபடியால் நம் பக்கத்துப் பையன்கள் சிலர் நாலு காசு பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அதுவும் அணியை விலைக்கு வாங்கியவர்களின் லீக்தான் என்றாலும். பணம் போடுகிறவன் லாபம் பார்க்கட்டும். தோற்றவனை உள்ளே வைத்து, வென்றவனை வெளியே நிறுத்தும் அதிகாரத்தையும் சேர்த்து விலைக்கு வாங்காதே என்கிறோம்.

இனி எழுதப்படும் எந்தக் குத்தகைச் சீட்டிலும் கடைசியாக வந்தவன் இறங்க வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். ஏறுகிறவனிடம் கோடிக்கணக்கில் நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது என்ற வரி இருக்க வேண்டும். லீக் நின்றாலும் ஆட்டக்காரன் சம்பளம் நிற்கக் கூடாது என்ற வரி இருக்க வேண்டும். சீட்டு எழுதுகிற மேஜையில் சம்மேளனத்தாரும் கம்பெனிக்காரரும் மட்டும் உட்கார்ந்தால் இந்த வரிகள் விழுமா? அங்கே ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும், ரசிகருக்கு ஒரு நாற்காலி வேண்டும். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தின் படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களிடம் இதுவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?